இரண்டு பேருக்கு வைத்த கார்: ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷாக் வாங்கி, கேளம்பாக்கத்தில் மாட்டியது

வழக்கமாக இங்கே கோயில் யாத்திரைதான் எழுதுவேன். எந்த பஸ், நடை எப்போது திறப்பார்கள், செருப்பை எங்கே விடுவது என்று. இந்த முறை போனது கோயிலுக்கு இல்லை. பழைய காருக்கு ஷாக் அப்சார்பர் மாற்றப் போனோம். சிரிக்காதீர்கள். பழைய காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டுகிற ஆண்கள் நம் ஊர்ப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலெல்லாம் என்னைப் போல ஒருத்தி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. இருபத்தைந்து வயதான சின்னக் கார். எங்க வீட்டுக்காரரும் அவருடைய சிநேகிதர் மூர்த்தி அண்ணாவும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. பின் சீட்டு, ஏசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முன்னால் இரண்டு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் பணம் கட்டி ஓட்டுவார்கள். இவர் ஓட்டுவார். அண்ணா இடது பக்கம் உட்கார்ந்து "இப்போ பிரேக், இப்போ விடு" என்று சொல்லிக்கொண்டே போவார். கல்யாணம் ஆகாத மனுஷன். ஞாயிறு ராத்திரி சாப்பாடு இரும்புலியூரில் எங்கள் வீட்டில்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதற்கப்புறமும் இவர் விடவில்லை. தனியாகப் போய் ஓட்டிவிட்டு வந்தார். போன மாதம் வேகமான ஒரு வளைவில் காரின் பின்பக்கம் தூக்கி, சுற்றி, புல்லில் போய் நின்றதாம். பின்னால் வந்த வண்டி மயிரிழையில் ஒதுங்கியதாம். பெருமாள் காப்பாற்றினார். இதை இவர் என்னிடம் சொல்லவே இல்லை. அங்கே இருந்த ஒருவர் போன் செய்து, "ஷாக் நாலும் போயிடுச்சும்மா, எண்ணெய் ஒழுகுது. மாத்தாம அனுப்பாதீங்க" என்றார்.

வருகிற ஞாயிறு மறுபடி போவேன் என்று இவர் நின்றார். புது ஷாக் மாட்டி, அதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்புவேன் என்று நானும் நின்றேன். வியாழக்கிழமை காலை விளக்கேற்றி, காருக்குச் சூடம் காட்டி, எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

நான் இடது பக்கக் கதவில் கை வைத்தேன். சீட் காலியாகத்தான் இருந்தது, ஆனால் பெல்ட் போட்டிருந்தது.

"நீ பஸ்ல வா, கௌரி" என்றார் இவர்.

"ஏன், இந்த சீட்டுக்கு என்ன?"

"அது உனக்கு இடிக்கும்."

"நாப்பது வருஷமா பஸ்ல இடிக்காத இடமா?"

காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஷேர் ஆட்டோக்காரரிடம் சில்லறை வாங்கக்கூட மறந்துவிட்டேன்.

இரும்புலியூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் ஐந்தாறு கிலோமீட்டர். தாம்பரத்தில் இறங்கி மாற வேண்டும். வேளச்சேரி ரோட்டிலேயே இருக்கிறது ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நடத்துவது ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும். மூன்று விதமாக எடுத்து வைத்தார். சாதாரணமானது நாலும் சேர்த்து ஒன்பதாயிரம். உள்ளே கேஸ் அடைத்தது பதினாறாயிரத்து ஐந்நூறு. திருகு வைத்து இறுக்கவும் தளர்த்தவும் கூடியது, ஸ்பிரிங்கோடு சேர்த்து நாற்பத்தெட்டாயிரம். அந்தப் பணத்தில் காசிக்கே போய் வரலாம். வாயை மூடிக்கொண்டேன்.

"அக்கா, சாருக்கு இந்த வயசுல ரேஸா?" என்று கடைக்கார அம்மா கண்ணடித்தார்.

"சில பேருக்கு சீட்டாட்டம், இவருக்கு இது. வீட்டுக்கு வந்து சேர்ந்தா சரி."

அந்த அம்மா ஷாக்கை எப்படிச் சோதிப்பது என்று காட்டினார். கடைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை உள்ளே அமுக்கிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். கேஸ் உள்ள நல்ல ஷாக் என்றால் கம்பி தானாக, மெதுவாக, நிற்காமல் மேலே எழுந்து வரும். யாரும் தொடவில்லை, அதுபாட்டுக்கு எழுந்திருக்கிறது. பார்க்க எனக்கு என்னவோ செய்தது. "உசுரு இருக்குக்கா" என்றார் அந்த அம்மா.

"ட்ராக்ல எத்தனை பேர் உக்காருவீங்க சார்? அதுக்கு ஏத்த ஸ்பிரிங் கொடுக்கணும்."

"ரெண்டு பேர்" என்றார் இவர்.

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றேன். இவர் திருகு வைத்ததையே வாங்கினார்.

அங்கிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கேளம்பாக்கம். இருபத்தைந்து கிலோமீட்டர் வரும். சோழிங்கநல்லூரில் பஸ் மாற வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், ஜன்னல் ஓரமும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

மேடவாக்கம் சிக்னலில் பஸ் நின்றபோது கீழே எங்கள் கார். மேலேயிருந்து இவருடைய பின்னந்தலை தெரிந்தது. தலை இடது பக்கம் திரும்பியிருந்தது. கை ஆடிக்கொண்டிருந்தது. போன் மடியில் கிடந்தது, காதில் ஒன்றும் இல்லை. பேசுகிறார். நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகு தோள் குலுங்குகிறது, சிரிக்கிறார். மாதக்கணக்காக என்னோடு அப்படிச் சிரிக்கவில்லை. பட்டப்பகல், வெயிலில் கண் கூசுகிறது, நான் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சிக்னல் விழுந்ததும் கார் போய்விட்டது. சோழிங்கநல்லூர் வரை முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஒர்க்‌ஷாப் கேளம்பாக்கம் ஜங்ஷனிலிருந்து கோவளம் ரோட்டில் கொஞ்சம் உள்ளே. தகரக் கூரை. மெக்கானிக் தாஸ் ட்ராக் கார்களைப் பார்த்துப் பழகியவர். நான் போய்ச் சேரும்போது பழைய ஷாக்குகள் நாலும் தரையில் கிடந்தன. அமுக்கிய கம்பி அமுக்கியபடியே, எழவே இல்லை. புதுசு மாட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

மாட்டிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் அடியில் எடைத் தட்டு வைத்து, ஓட்டுகிற ஆளை உட்கார வைத்து, ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கி எடையைச் சரிக்கட்ட வேண்டும். அப்போதுதான் வளைவில் கார் இழுக்காது.

"சார், பழைய செட்டிங்ல லெஃப்ட்டை ஏன் இவ்ளோ ஏத்தி வெச்சிகினு இருந்தீங்க?" என்று தாஸ் கேட்டார்.

"ரெண்டு பேருக்கு வெச்சது. இப்பவும் அப்படியே வை. இடது சீட்ல எழுபத்தெட்டு கிலோ."

"அக்காவா வர்றது? அவ்ளோ வெயிட்டு இருக்க மாட்டாங்களே."

"நல்ல பிள்ளைப்பா நீ" என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியிலேயே நின்றுவிட்டேன். எழுபத்தெட்டு கிலோ யாருடைய எடை என்று எனக்குத் தெரியும். "எல்லாம் கௌரி போடற வத்தக்குழம்பு" என்று மூர்த்தி அண்ணா வயிற்றைத் தட்டிக்கொண்டு சொல்வார்.

"அப்போ யாரு சார்? வரச் சொல்லுங்க, குந்த வெச்சிப் பார்த்துடலாம்."

தாஸ் என்னைப் பார்த்தார். "மூர்த்தி அண்ணாதான் இடது பக்கம் உக்காருவார். அவர் தவறிப் போயிட்டார்ப்பா" என்று நான் சொன்னேன்.

தாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சார், வராத ஆளுக்கு செட் பண்ணா லெஃப்ட் தூக்கிக்கும். ஒரு பக்கம் திரும்பினா ஒண்ணும் தெரியாது. இன்னொரு பக்கம் திரும்பினா பின்னாடி பிடிச்சி சுத்தி வுட்டுடும். போன மாசம் சுத்துனதுக்கு ஷாக் மட்டும் காரணம் இல்ல, இதுவும்தான்."

"அதுக்கு முன்னாடி அஞ்சு தடவ இதே செட்டிங்ல ஓட்டினேன் தாஸ். சுத்தலையே." இவர் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்கு பயம். "அஞ்சு தடவையும் கார் சமமா இருந்துச்சு, அவன் இருந்தான். அன்னிக்கு என்ன கோவமோ, பாதியில எறங்கிட்டான். அந்த வளைவுலதான் எனக்குத் தெரிஞ்சுது."



தாஸ் என்ன செய்வார்? வாடிக்கையாளர் சொன்னதைச் செய்தார். இவரை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்து, இடது சீட்டில் எழுபத்தெட்டு கிலோ மணல் மூட்டைகளை அடுக்கி, எடையைச் சரிக்கட்டி, எல்லாவற்றையும் இறுக்கினார். கார் சமமாக நின்றது. "இப்போ மூட்டையை எடுக்கறேன். லெஃப்ட் எப்படித் தூக்குதுன்னு நீங்களே பாருங்க சார், அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று ஒவ்வொன்றாக இறக்கினார்.

கடைசி மூட்டையும் இறங்கியது. கார் அசையவில்லை.

சக்கரத்துக்கும் மேலே மட்கார்டுக்கும் நடுவே விரல் வைத்து இடைவெளி பார்த்தார். நாலு விரல். அந்தப் பக்கமும் நாலு விரல். "டயர் தட்டைப் பிடிச்சிகினு கீது" என்று காரை முன்னும் பின்னும் தள்ளினார். முன்பக்கத்தைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டார். இடது பக்கம் ஏறவே இல்லை. காலி சீட்டோடு, மூட்டை வைத்தபடியே சமமாக நின்றது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அந்த பயம் போய், வேறு பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்தச் சிரிப்போடுதான் அந்த வளைவுக்குப் போவார். பாதியில் யாராவது இறங்கினால் என் மாங்கல்யம் என்ன ஆகும்?

போய் இடது கதவைத் திறந்தேன். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகளிடம் எப்படிக் கேட்பேனோ அப்படித்தான் கேட்டேன். வேறு விதம் எனக்குத் தெரியாது.

"மூர்த்தி அண்ணா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? நான் உக்காரணும்."

கதவைப் பிடித்திருந்த என் கையோடு கார் எழுந்தது. திடீரென்று குதிக்கவில்லை. கடையில் பார்த்த கம்பி போல மெதுவாக, ஸ்ஸ் என்று, கனமான ஒரு ஆள் கையை ஊன்றி எழுந்தால் எப்படியோ அப்படி. நாலு விரல் ஐந்தாகி நின்றது.

"ஷாக் மாட்டுற இடத்துல ரப்பர் புஷ் பிடிச்சிகினு இருந்துச்சு அக்கா. இப்போ வுட்டுடுச்சு. புதுசுல அப்படித்தான்" என்றார் தாஸ். சரிதான், அப்படித்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் கதவை விட்டு ஓர் அடி நகர்ந்து வழிவிட்டார். தான் நகர்ந்தது அவருக்கே தெரிந்திருக்காது.

உட்கார வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்காராமல் இருந்தால் பொய் சொன்னதாகிவிடும். உட்கார்ந்தேன். "என்னங்க, ஒரு ஆளுக்கு வைக்கச் சொல்லுங்க" என்றேன். இவர் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தார். அப்புறம், "சரி தாஸ்" என்றார். நான் இறங்கியதும் தாஸ் மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி, இவர் ஒருவருக்கு மட்டும் வைத்தார். கூலி நாலாயிரத்து ஐந்நூறு. இரண்டாம் தடவை செய்த வேலைக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தது வண்டலூர் ரோட்டில், இவரோடு காரிலேயே. புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலை தெரிந்தபோது கும்பிட்டேன். பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்னெல்லாம் மூன்று தடவை ஆடும் கார், ஒரே தடவையில் அடங்கியது.

"எறங்கச் சொல்லிட்டே" என்றார் கண்டிகை தாண்டியதும். "அந்தக் கேளம்பாக்கத்துல அவனுக்கு யாரு இருக்கா, கௌரி? எங்கே போவான்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. "நம்ம வீடு இருக்குல்ல. வரட்டும். கார்ல மட்டும் வேண்டாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ட்ராக்குக்குப் போனேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மாறாமல் போனதும் திறந்தேன். கார் சுற்றவில்லை. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வையா கண்ணீரா தெரியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"லேசா இருந்துச்சு" என்றார். "ரொம்ப லேசா."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெறும் ரோட்டில் ஓட்டுகிற பழைய காருக்கு கேஸ் ஷாக்கே தாராளம், நாற்பத்தெட்டாயிரம் தேவையில்லை. நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். கேளம்பாக்கத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத் தகரக் கூரையில் நிற்க முடியாது. மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், மறக்காதீர்கள். உண்மையில் உட்காரப் போகிற ஆளுக்கு மட்டும் எடை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் "ரெண்டு பேர்" என்று சொன்னால், என்னைப் போல நம்மைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ளாமல், இன்னொருத்தர் யார் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

இதை எழுதும்போது மத்தியானம். இவர் உள்ளே நன்றாகத் தூங்குகிறார். ரொம்ப நாளைக்கு அப்புறம் குறட்டை கேட்கிறது. ஹாலில் யாரும் இல்லை, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போடவில்லை. கரண்ட் பில்லுக்கு பயந்து காலி ரூமில் ஒரு நிமிஷம்கூட ஓடவிடாதவள் நான். இரண்டு தடவை எழுந்து போனேன். நிறுத்த மனசு வரவில்லை, வந்துவிட்டேன்.