கைமுத்தம் கொடுத்த மாட்டு வைத்தியர்

யுத்த காலத்தில் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு யாரும் வாடகைக்கு இடம் தரவில்லை. டாக்டராக இருந்த போலந்துக்கார அம்மாள் தன் வீட்டிலேயே ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். அவரும் கணவரும் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். ஊருக்கு அவர்கள் அந்நியர்கள். அந்த வீட்டுக்குள் நான்தான் அந்நியம்.

முதல் நாள் காலை, மரியாதைக்காக நலமா என்று கேட்டுவைத்தேன். டாக்டரம்மா உட்கார்ந்து பதில் சொன்னார். இடுப்புவலி, தூக்கமின்மை, ஊர்த் தண்ணீர், ஜெர்மன்காரன், ரஷ்யாக்காரன் என்று காபி ஆறும்வரை ஓடியது. சாப்பாட்டில் போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். மூன்றாவது முறை சொன்னால்தான் நம்புவார்கள். அந்த வீட்டில் எல்லாமே புளித்தது: வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், ராகிமாவு, சில நாள் டாக்டரம்மாவின் முகமும்.

டாக்டரம்மாவின் கணவர் போலந்துப் பட்டாளத்தில் குதிரை வைத்தியராக இருந்தவர்; இங்கே ஊர் மாடுகளைப் பார்த்தார், எல்லோருக்கும் அவர் ஐயா. எந்தப் பெண் வந்தாலும் விறைப்பாக நின்று, குனிந்து, கையை எடுத்து முத்தம் கொடுப்பார். எனக்குக் கொடுத்த முதல் நாள் கார்பாலிக் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. சொல்லக் கூச்சம்தான், அவர் மறந்த நாளில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரக் கவுண்டர் பாலக்கோடு போயிருந்தபோது, தீனி எடுக்காத பசுவை அவர் மனைவி ஓட்டிவந்தார். ஐயா பார்த்து மருந்து புகட்டினார். அந்த அம்மாள் கிளம்பும்போது ஐயா வழக்கம்போல் குனிந்து கையில் முத்தம் கொடுத்தார். கிணற்றடியில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

சாயங்காலமே கவுண்டர் நாலு பேரோடு வந்தார். மனைவியைக் குளிக்கவைத்துத்தான் வீட்டுக்குள் விட்டாராம்.

"எம் பொண்டாட்டி கையில வாய வெச்சாராமே, என்னா நர்சம்மா இது? வூட்டக் காலி பண்ணச் சொல்லுங்க."

அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியாதையில் ஏதோ குறை என்று வருத்தப்படுகிறார் என்று டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் அதைத் தன் பாஷையில் கணவரிடம் சொன்னார். மனைவிக்குச் செய்த மரியாதையைக் கணவனுக்குச் செய்யாமல் விட்டோமே என்று ஐயாவுக்குப் பட்டிருக்க வேண்டும். நேராக இறங்கிப் போய்க் கவுண்டரைக் கட்டிப்பிடித்து, கன்னத்துக்குக் கன்னம் மாற்றி மூன்று முத்தம் கொடுத்துவிட்டார்.

கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பின்னாலேயே வந்திருந்த கவுண்டர் மனைவி நிதானமாகச் சொன்னார்:

"வாங்க, தண்ணி காய வெக்கறேன். நீங்களும் குளிச்சுட்டுத்தான் வூட்டுக்குள்ள வரணும்."

நாலு பேரில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். கவுண்டர் துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். இரண்டே நாளில் பசு தீனி எடுத்தது; காலி பண்ணும் பேச்சும் போயிற்று. என் மொழிபெயர்ப்பைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அதன்பிறகு மாடு ஓட்டிவரும் பெண்கள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே ஐயாவிடம் பேசினார்கள். கவுண்டர் மனைவி மட்டும் மறைக்கவில்லை.