சாங்ஷன் லெட்டர் வந்தபோது அந்தத் தெரு இல்லை

சூடு ஆறாத ஜெராக்ஸ் காகிதத்துக்கென்று ஒரு மணம் உண்டு. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கடை. விண்ணப்பத்தின் பன்னிரண்டு பிரதிகளுக்கும் ஸ்பைரல் போட்டு வாங்கி, மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு நானும் கஸ்தூரியும் உட்கார்ந்திருப்போம். மடி சுடும்...

இருபது வருஷம் இருக்கும். மருத்துவ ஆராய்ச்சிக்கு மத்திய அரசு தரும் நிதிக்கு அப்போது அப்படித்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் காகிதம். டெல்லிக்கு ஸ்பீட் போஸ்ட். அப்புறம் மாதக்கணக்கில் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது.

நான் அப்போதுதான் பிஎச்.டி. முடித்துவிட்டு, அடையாறில் ஒரு சின்ன லேபில் தற்காலிக வேலையில் இருந்தேன். கஸ்தூரி அங்கே லேப் அசிஸ்டென்ட். என் வயதுதான். ஆற்றோரக் குடியிருப்பில் வீடு. நிதி வராவிட்டால் அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்குமே வேலை இருக்காது என்று டைரக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

ஆராய்ச்சிக்கான விஷயமே கஸ்தூரி சொன்னதுதான். அவள் தெருவில் சர்க்கரை நோய் உள்ள பலருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ஆணி குத்தினாலும் தெரியாது. புண் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சிலர் விரலை விட்டுவிட்டு வருவார்கள், சிலர் காலையே.

வீட்டுக்கே போய், மரத்துப்போவதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஓர் எளிய பரிசோதனை... அதுதான் எங்கள் ப்ராஜெக்ட்.

முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மக்கள் இரண்டு வருஷம் தொடர்ந்து ஒத்துழைப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி என்று ஒரு வரி. நான் அதைப் படித்துவிட்டு அழுதேன். கஸ்தூரி அழவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் என்னைத் தன் தெருவுக்குக் கூட்டிப்போனாள். வீடு வீடாக உட்கார்ந்து விளக்கிச் சம்மதக் கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து போட்டவர் ராஜேந்திரன் என்கிற கொத்தனார். அந்தக் காகிதங்களையும் சேர்த்து மறுபடி அனுப்பினோம்.

காத்திருந்தோம். மழைக்காலம் வந்து போனது.

ஒருநாள் கஸ்தூரி லீவு கேட்டாள். வீடு மாற்றுகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அந்தப் பக்கம் போனேன். தெரு முழுக்க லாரிகள். பீரோ, குடம், டிவி, கட்டிலுக்கு மேலே ஏறி உட்கார்ந்த குழந்தைகள். ஆற்றோரத்தில் இருந்த எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். அதற்கடுத்த நாள், இரண்டு பஸ் மாறி, சரியான நேரத்துக்கு வேலைக்கு வந்து நின்றாள் கஸ்தூரி.

மூன்று வாரம் கழித்து, நிதி ஒதுக்கிவிட்டதாகச் சாங்ஷன் லெட்டர் வந்தது.

டைரக்டர் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கச் சொன்னார். ஆய்வு நடக்கும் இடம் என்று லெட்டரில் போட்டிருந்த தெரு இப்போது வெறும் மண். அதனால் என்ன, ஆழ்வார்பேட்டையில் தனக்குத் தெரிந்த கிளினிக்கில் நோயாளிகள் இருக்கிறார்கள், இடத்தை மாற்றி எழுதிவிடலாம் என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வேலை நிலைத்துவிட்டது. ஒரே பஸ்ஸில் போகிற தூரம்.

கஸ்தூரியிடம் சொன்னேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"எடந்தான் மாறிகீது மேடம். காலு அதே காலுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று முழுக்க என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் டைரக்டர் அறைக்குப் போய், அதே மக்களோடுதான் செய்வேன் என்றேன். டெல்லி ஒத்துக்கொள்ளாவிட்டால் மொத்தமும் போய்விடும், யோசித்துக்கொள் என்றார். இட மாற்றத்துக்கு அனுமதி கேட்டு எழுதினோம். மறுபடி தபால்காரர் முகம். கடைசியில் நாலு வரியில் அனுமதி வந்தது.

அதன்பிறகு எங்கள் வாழ்க்கையே பஸ்தான். மடியில் ரத்த மாதிரிகள் வைக்கிற ஐஸ் பெட்டி. எல்லா ப்ளாக்கும் ஒரே மாதிரி. பழைய பட்டியலில் உள்ள பெயர்களைச் சொல்லிச் சொல்லி விசாரித்து, படி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தோம். கொஞ்சம் பேர் கிடைக்கவே இல்லை.

ராஜேந்திரன் அண்ணன் மூன்றாவது மாடியில் இருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து தினம் டவுனுக்கு வந்து வேலை பார்க்க முடியாமல் வீட்டோடு இருந்தார். காலைத் திருப்பிப் பார்த்தால் சுண்டுவிரலுக்கு அடியில் புண், அவருக்கே தெரியாது. அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு விரல் போனது. கால் தப்பித்தது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்தவரைப் பார்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களத் தேடிகினு இங்க வந்தது நீங்க ரெண்டு பேருதாம்மா. கரண்ட்டு பில்லு கூட இன்னும் வர்ல."

கஸ்தூரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை...

இரண்டு வருஷ ப்ராஜெக்ட் மூன்று வருஷம் இழுத்தது. கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர்கள் வரிசையில் அவள் பெயரையும் போட்டேன். டைரக்டர் முகம் சுளித்தார். போட்டேன்.

இப்போது எல்லாம் போர்ட்டல். நிதி அறிவிப்பு வாட்ஸப் குரூப்பில் வந்து விழுகிறது. படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்பலாம், கோப்பு எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு இது இருந்திருந்தால் எத்தனையோ மாதம் மிச்சமாகியிருக்கும்.

கஸ்தூரி இன்னமும் அந்த அடுக்குமாடியில்தான் இருக்கிறாள். அங்கேயே ஒரு சின்ன பாத சிகிச்சை மையத்தைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் அடுத்த ப்ராஜெக்டுக்கும் அவள்தான் கள ஒருங்கிணைப்பாளர். போன வாரம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பட்டனை அமுக்கினேன், உடனே நம்பர் வந்துவிட்டது, ஜெராக்ஸ் கடைக்கே போக வேண்டாம், முடிந்தது என்றேன்.

அந்தப் பக்கம் கஸ்தூரி குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நாம எப்பதான் மேடம் பாத்துக்கறது?"