வேப்பிலை சாட்சி சொன்ன வழக்கு

சொக்கம்மாளுக்குச் சட்டம் தெரியாது, வாய் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு இட்லி விற்றுப் பழகிய வாய். ராயபுரத்தில் எங்கள் சந்தில் யாரும் அவளிடம் வம்புக்குப் போகமாட்டோம். சுகாதார இன்ஸ்பெக்டர் போனார்.

அது 1952 கோடை. ஊரெங்கும் பெரியம்மைப் பயம். அவள் புருஷன் கிருஷ்ணப்பனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அம்மா வந்துவிட்டாள் என்று வாசலில் வேப்பிலை செருகினாள். வெளியாள் உள்ளே வரவேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கொத்தைப் பார்த்த மாத்திரத்தில், தொற்றுநோய் ஆஸ்பத்திரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் இன்ஸ்பெக்டர்.

சொக்கம்மாள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். சில வருஷம் முன்பு அவள் தங்கச்சியையும் இப்படித்தான் ஏற்றிப்போனார்கள். அவளுக்கு வந்திருந்தது வெறும் சின்னம்மை. பெரியம்மைக்காரர்களுக்கு நடுவில் படுக்கவைத்ததில் அதுவும் தொற்றிக்கொண்டது. அங்கிருந்து அவள் நேரே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத்தான் போனாள். சொக்கம்மாள் பயப்படாமல் என்ன செய்வாள்?

"இன்னா நைனா, நீ டாக்டரா?"

"டாக்டர் எதுக்கு? வாசல்ல வேப்பிலையே சொல்லுதே!"

"டாக்டரு வந்து பாக்கட்டும். பெரியம்மைன்னா நானே தூக்கியாந்து வண்டில ஏத்துறேன். பாக்காம தொட்டே, அப்பறம் பேஜாராய்டும்."

அம்மா இருக்கும் வீட்டில் டாக்டரை விடுவதா என்று சந்தே முணுமுணுத்தது. அவள் காதில் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் போலீஸைக் கூப்பிட்டு, சர்க்கார் வேலையைத் தடுத்தாள் என்று அவளைக் கோர்ட்டுக்கு இழுத்துப்போனார். அவள் எழுந்த இடத்தில் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா உட்கார்ந்துகொண்டாள். வண்டி காலியாகவே நின்றது.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டார். "நோயாளியை எந்த டாக்டர் பார்த்தார்?"

"வாசலில் வேப்பிலை இருந்தது, ஐயா."

"அந்த வேப்பிலை எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தது?"

கோர்ட்டே சிரித்தது. சொக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் சொன்னார்: "தொற்றுநோய்க்காரனை அப்புறப்படுத்த சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் உண்டு. சட்டம் சொன்ன வழியில் அல்லாமல் ஒருவன் சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது என்று சொல்லும் அரசியல் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அது ராயபுரத்துக்கும் சேர்த்துத்தான். இவள்மேல் போட்ட வழக்கு தள்ளுபடி. இப்போதே டாக்டர் போய்ப் பார்க்கட்டும். பெரியம்மை என்றால், அம்மா, நீ வழிவிட வேண்டும்."

"வுடுறேன் சாமி" என்றாள். வீட்டுக்கு வந்ததும் ரஹீமுன்னிசாவைப் படியிலிருந்து எழுப்பி, டாக்டருக்கு அவளே வழிவிட்டாள்.

டாக்டர் கிருஷ்ணப்பனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். பெரியம்மை என்றால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடக் கொப்புளம் இருக்குமாம்.

"சின்னம்மைதான்மா. வீட்டிலேயே இருக்கட்டும். யாரையும் கிட்டே விடாதே."

போலீஸுக்கு அழாதவள் அப்போது ஓவென்று அழுதாள். எங்களுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சந்து முழுக்க அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். யார் முரண்டு பிடிக்கப்போகிறார்கள் என்று நாங்கள் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள், மூக்கைச் சிந்திவிட்டு முதல் கையை நீட்டினாள் சொக்கம்மாள்.

"குத்து நைனா. இத்த யாரு வாணான்னது?"

அடுத்த மாதம் சந்துக் கோடி வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டி வரவில்லை. டாக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, படிக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தார்:

"அம்மா, டாக்டர் வந்திருக்கார். உள்ள வரலாமா?"