சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த படம்

எங்கள் வீட்டில் அத்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். சமையலறையிலிருந்து கத்திப் பிரயோசனமில்லை. பள்ளியில் படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சல் அத்தையின் இரண்டு காதுகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் உதடுகளைப் படிக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்களையும் மென்றுகொண்டே பேசுபவர்களையும் அவருக்குப் பிடிக்காது. மற்றபடி எதிரே நின்று பேசினால் போதும், நாம் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. ஒரு டிரை கிளீனிங் கடையின் கவுண்டரில் வேலை பார்க்கிறார். வாடிக்கையாளர்கள் அவரைக் 'கறை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை மேஜையில் விரித்ததுமே அது துருவா, சாயமா, எண்ணெயா என்று சொல்லிவிடுவார். "கறையைப் பத்தி மட்டும் யாரும் உண்மையே பேச மாட்டாங்க. அதனால வாயையும் பார்க்கணும், துணியையும் பார்க்கணும்" என்பது அவர் பாடம்.

அந்தக் கடைக்கு இரண்டாவது கிளை திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, முதலாளியம்மா நேராக அத்தையிடம் வந்தார். "புதுக் கடையை நீங்களே தனியாப் பார்த்துக்கணும். இந்த வாரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இத்தனை வருடம் காத்திருந்து வந்த வாய்ப்பு. அத்தை அன்றே தலையாட்டியிருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஆனால் அவர் ஒரு மாலை அம்மாவை அடுப்படியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, "நான் வரலன்னு சொல்லிடப் போறேன்" என்றார்.

"ஏன் அண்ணி?"

"கண்ணு போயிட்டிருக்கு."

இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல, எங்கள் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தில் பெரிய டிவி, அதற்குப் படம் அனுப்பப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், சுற்றிலும் ஸ்பீக்கர்கள். அப்பா மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறார். பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி அந்தக் கம்ப்யூட்டரை அவரே கோத்தார். ஹோம் தியேட்டர் என்று அவர் பெருமையாகச் சொல்வார். 'உங்க அப்பாவோட இளைய சம்சாரம்' என்று அம்மா சொல்வார்.

அத்தை தினமும் கடையிலிருந்து வந்ததும் அதன் முன்னால் உட்காருவார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேட்டிகளாக அப்பா பதிவு செய்து வைத்திருப்பார். டப்பிங் படங்கள் அத்தைக்கு ஆகாது; வாய் ஒன்று சொல்லும், கதை வேறொன்று சொல்லும். கீழே எழுத்து ஓடினாலும் வேண்டாம் என்பார். அவர் உட்காருவது பொழுதுபோக்குக்காக இல்லை. கத்திக்குச் சாணை மாதிரி கண்ணுக்கு இது என்பார். முகம் தெரியாத ஆட்கள் பேசுவதை இங்கே படித்துப் பழகினால்தான் கவுண்டரில் கண் தடுமாறாது.

சில மாதங்களாக அந்தப் பேட்டிகளில் வார்த்தைகள் அவர் கையை விட்டு நழுவின. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கண்ணாடியைத் துடைத்தார். டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடியே வாங்கினார். ஒன்றும் மாறவில்லை. கடையிலும் பயம் தொற்றிக்கொண்டது. புரிந்த வார்த்தையையே மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளத் தொடங்கினார். மீசைக்காரர் ஒருவர் சொன்னது எத்தனை தடவை கேட்டும் விளங்காமல், அம்மாவிடம் அப்படிச் சொன்ன அந்த மாலை அத்தை சோர்ந்து போய் வீட்டுக்கு வந்திருந்தார்.

"டாக்டர் நல்லாயிருக்குன்னுதானே அண்ணி சொன்னார்?" என்று அம்மா கேட்டார்.

"டாக்டர் காட்டுனது எழுத்தும்மா. எழுத்து ஒரே இடத்துல நிக்கும். உதடு நிக்குமா?"

அப்போது உள்ளே வந்த அப்பா ஆறுதலாகத்தான் சொன்னார்: "வயசானா அப்படித்தான்க்கா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "வயசைப் பத்தி நீ பேசுறியா? மண்டையில நாலு முடி வச்சுக்கிட்டு? சரி, உன் கம்ப்யூட்டர் பெட்டி சரியாத்தான் ஓடுதா?"

"என் பெட்டியா! தண்ணி மாதிரி ஓடுது."

"அப்ப ஒண்ணு தெரிஞ்சாகணும். கெட்டது என் கண்ணா, உன் பெட்டியா? தெரியாம நான் அந்தம்மாவுக்குப் பதில் சொல்ல மாட்டேன்."

விடுமுறை நாளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் கூடம் பரிசோதனைச் சாலையாகிவிட்டது. அத்தை தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவை டிவிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, மனதில் தோன்றியதைப் பேசச் சொன்னார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "புதுக் குடையைக் கொண்டுபோய் ஆபீஸ்ல தொலைச்சுட்டு, பழைய குடையை மூலையில வச்சா எனக்குத் தெரியாதுன்னு ஒருத்தர் நினைச்சுக்கிட்டிருக்கார்" என்றார்.

அத்தை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

அடுத்து அம்மா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தன் முகத்தை இரண்டு முறை பதிவு செய்துகொண்டு வந்தார். இரண்டும் வேறு வேறு பேச்சு. தெரிந்த வார்த்தையைக் கண்டுபிடிப்பது சோதனையே இல்லை என்று அத்தை முன்பே சொல்லியிருந்தார். முதல் பதிவைப் போனிலேயே பார்த்தார். முழுதும் புரிந்தது. இரண்டாவதை அப்பா கம்ப்யூட்டரில் ஏற்றி டிவியில் ஓட்டினார். அத்தை முன்னால் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார். "அரிசி... யாரோ... வாசல்ல..." அதற்கு மேல் வரவில்லை.

"போன் கைக்குள்ள இருக்கு, டிவி தூரத்துல இருக்கு. அதான்" என்றார் அப்பா.

"உன் பொண்டாட்டி டிவி பக்கத்துலதானே நின்னா? அந்தத் தூரம் எப்படிப் புரிஞ்சுது?"

அப்பா அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. "நாங்களும்தானே பார்க்கிறோம்? நல்லாத்தானே ஓடுது?" என்று எங்களைப் பார்த்தார். உண்மையில் எங்களுக்கும் நன்றாகத்தான் ஓடியது.

அத்தை எழுந்துபோய் ரிமோட்டை எடுத்தார். அந்த ரிமோட்டில் சத்தத்துக்கான பொத்தானை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இப்போது அதை அழுத்தி, சத்தத்தை அடியோடு நிறுத்தினார்.

"இப்பப் பாருங்க."

அப்பா அதே பதிவை மறுபடி ஓட்டினார். திரையில் அம்மாவின் வாய் திறந்தது, மூடாமலேயே மூடியிருந்தது. இடுப்பில் இருந்த கை, நடுவில் எந்த வழியும் இல்லாமல், தலைக்குப் பக்கத்தில் இருந்தது. முகம் ஒரு கணம் உறைந்து, பிறகு குதித்தது.

"ஐயையோ, சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருக்கேனே!" என்றார் அம்மா.

அப்பா ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை வைத்தார். அம்மாவின் குரல் வந்ததும் படம் ஒழுங்காகிவிட்டது போல இருந்தது. நிறுத்தினார், குதித்தது. வைத்தார், ஓடியது. நான்கைந்து தடவை அப்படிச் செய்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் நாங்கள் காதால் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் இருந்த ஓட்டைகளைச் சத்தம் வந்து அடைத்துக்கொண்டிருந்தது. அத்தைக்கு அடைக்க எதுவும் இல்லை.

"மன்னிச்சுக்கக்கா" என்றார் அப்பா, அத்தையின் முகத்துக்கு நேரே திரும்பி.

"மன்னிப்பு கிடக்கட்டும். பெட்டியைத் திற."

அப்பா முதலில் கேபிளை மாற்றினார். பிறகு மூடியைக் கழற்றி, உள்ளே விசிறியில் அடை அடையாக இருந்த தூசியை ஊதி, வரிசையாகத் தும்மினார். ஒவ்வொரு முறையும் அதே பதிவு சத்தமில்லாமல் ஓடும். ஒவ்வொரு முறையும் அத்தை, "இன்னும் விழுங்குது" என்பார். பொறுமை இழந்த அப்பா படம் ஓட்டும் பிளேயரையும் மாற்றி, செட்டிங்கிலும் கை வைக்கப் போனபோது அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒரே நேரத்துல ரெண்டை மாத்தாதே. கறைக்கு ரெண்டு மருந்தைக் கலந்து ஊத்துனா, கறை எதுல போச்சுன்னும் தெரியாது, துணி எதுல போச்சுன்னும் தெரியாது." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, நான் நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டது எப்போ?"

அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. "இவர் அந்தச் சவுண்டு சமாச்சாரத்தைப் போட்ட வாரம். மழை பெய்யுற சீன் வந்ததும் மாடியில துணி எடுக்க ஓடினேனே!"

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சத்தத்தை அறை முழுவதும் சுழல வைக்கும் ஒரு புரோகிராம் அது. அவருடைய செல்லம். கம்ப்யூட்டரின் வேலைப் பளுவைக் காட்டும் பக்கத்தைத் திறந்தார். பிராசஸர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தடங்கலில்லாமல் வர வேண்டும் என்று அந்தப் புரோகிராம் முதல் பந்தியில் உட்கார்ந்து, பெரும்பங்கைச் சாப்பிட்டுவிட்டது. மிச்சத்தில் படம் ஓட வேண்டும். படத்தால் சத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோதெல்லாம் கம்ப்யூட்டர் நடுவில் சில பிரேம்களை, அதாவது அசைவின் சில துண்டுப் படங்களை, காட்டாமலே தாண்டிவிட்டது.

அப்பா பெருமூச்சோடு அதை எடுத்தார். பதிவு ஓடியது.

"போயிடுச்சு!" என்றார் அம்மா.

"குறைஞ்சிருக்கு. போகல" என்றார் அத்தை.

அப்பா பிளேயரின் செட்டிங்கைத் தேடினார். வீடியோவை விரித்துக் காட்டும் வேலையைப் படத்துக்கென்றே இருக்கும் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும் வசதி அணைந்து கிடந்தது. எப்போதோ திரையில் பச்சைக் கோடு வந்ததென்று அவரே அணைத்துவிட்டு மறந்துபோனதுதான். அதை இயக்கினார். இப்போது அம்மாவின் கை இடுப்பிலிருந்து தலைவரை முழு வழியும் போனது. அத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு அந்தப் பேச்சை அப்படியே ஒப்பித்தார்: "அரிசி வாங்கப் போனவரு யாரோ தெரிஞ்சவரைப் பார்த்தாராம், வாசல்லயே நின்னு பேசிட்டு, அரிசி வாங்காமலே வந்துட்டாராம்."

"அதான் இப்ப சரியாயிடுச்சே, அந்தச் சவுண்டைத் திரும்பப் போட்டுக்கட்டுமாக்கா?" என்று அப்பா குழந்தை மாதிரிக் கேட்டார்.

"போடு. பார்க்கலாம்."

போட்டார். பிளேயர் தான் தாண்டிய பிரேம்களைத் திரையின் ஓரத்தில் எண்ணிக் காட்டும். அந்த ஓரத்தை ஒரு அட்டையால் அத்தைக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டார் அப்பா. பதிவு ஓடியது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அம்மாவும் உதட்டைப் பிதுக்கினார். அத்தை மட்டும் ஓரிடத்தில் விரலைத் தூக்கினார். அட்டைக்குப் பின்னால் எண் ஒன்று ஏறியது. கொஞ்சம் கழித்து மறுபடி விரல், மறுபடி எண். விரல் எழாமல் எண் ஏறவில்லை. எண் ஏறாமல் விரல் எழவில்லை.

அப்பா அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். "உனக்கா கண்ணு போயிடுச்சு?" என்று கேட்டார். பிறகு யாரும் சொல்லாமலே அந்தப் புரோகிராமை ஒரேயடியாக அழித்தார்.

மறுநாள் அத்தை முதலாளியம்மாவிடம் சம்மதம் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: கவுண்டருக்கு மேலே இருக்கும் விளக்கு வாடிக்கையாளர் முகத்தில் விழ வேண்டும், தன் முகத்தில் அல்ல.

புதுக் கடை திறந்த சில நாளில் மதியச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அந்த மீசைக்காரர் வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தார். உதடு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் மீசை. அதற்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அத்தை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"சார், மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் திகைத்தார், பிறகு சிரித்தார். "எங்க வீட்டுலயும் இதேதாங்க சொல்றாங்க" என்று இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "காலர்ல காபி சிந்திடுச்சு."

அத்தை காலரை வெளிச்சத்தில் திருப்பினார். அவர் வாயைப் பார்த்தார். அதற்குச் சற்று மேலேயும் பார்த்தார்.

"காபி இல்ல சார், மீசைக்குப் போடுற சாயம்" என்று ரசீது எழுதத் தொடங்கினார். "வியாழக்கிழமை வாங்க. போயிடும்."