சத்தியம் செய்யாமல் திரும்பி வந்த கோப்பை

படைத்த ரப்பை நம்பி வாழும் என் சகோதரிகள் எல்லோருக்கும் உத்தமபாளையம் மைமூன் பீவியின் ஸலாம். எனக்குக் குரான் ஓதத் தெரியும். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். நேரமானாலும் பரவாயில்லை, இதை நானே சொல்ல வேண்டும் என்று ஆசை.

என் கணவரைப் பொய்யன் என்று நடுரோட்டில் வைத்துச் சொன்னார்கள். கூட்டத்தில் ஐம்பது பேராவது இருப்பார்கள். எங்கள் வீடு ரோட்டைப் பார்த்த வீடு. ஜன்னல் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். அன்று பட்ட வேதனையைப் பிள்ளைப்பேற்றில்கூட நான் பட்டதில்லை.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், ஆடி மாதம்.

அவர் பெயர் மைதீன். எங்களுக்குக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றி சின்னமனூர், கம்பம், தேவாரம் என்று போய் வருவார். அந்தப் பாரத்தை மிதித்து மிதித்துத்தான் அவர் காலுக்கு அப்படி ஒரு வலு. ஆள் ஒடிசல். தொடை மட்டும் தேக்குக் கட்டை மாதிரி இருக்கும்.

எங்கள் பக்கத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் தலைவர். வருஷம் ஒரு பந்தயம். ஜெயித்தால் காசு பணம் கிடையாது. வெள்ளி முலாம் பூசிய ஒரு கோப்பையைத் தருவார்கள், அடுத்த ஆடி வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை பாடு.

உத்தமபாளையத்தில் புறப்பட்டு, கம்பம் தாண்டி, கூடலூர் போய்த் திரும்ப வேண்டும். போக வர இருபத்து நாலு மைல். ரோடு முழுக்கச் சரளைக் கல். ஆடிக் காற்று போகும்போது நெஞ்சில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். கூடலூரில் சங்கத்துக் குமாஸ்தா ரப்பர் முத்திரையோடு நிற்பார். வந்து திரும்புகிறவர்கள் மணிக்கட்டில் ஊதா மையால் ஒரு முத்திரை குத்துவார். அந்த முத்திரை கையில் இருந்தால்தான் கூடலூர் வரை போனதற்கு அத்தாட்சி.

பந்தயத்தன்று விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, வண்டியின் மட்கார்டு, கேரியர், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி, அவர் காலிலும், தோளிலிருந்து விரல் நுனி வரை கையிலும் நான் தேய்த்துவிட்டேன். கல் ரோட்டில் ஹேண்டில்பார் அதிர்ந்து கை மரத்துப்போகும் என்று சொல்லியிருந்தார். போதும் போதும் என்றார். நான் விடவில்லை.

ஏழு பேர் புறப்பட்டார்கள். அதில் கூடலூர்ப் பெருமாள் என்று ஒருவர். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, முந்திய இரண்டு வருஷமும் அவர்தான் கோப்பை வாங்கியவர். என் கணவருக்குப் போட்டி என்றால் அவர் ஒருவர்தான். கம்பம் தாண்டியதுமே மற்ற ஐந்து பேரும் கண்ணுக்குத் தெரியாத தூரம் பின்தங்கிவிட்டார்களாம். திரும்பும் வழியில் எதிர்ப்பட்டபோதும் தூசிக்குள் யார், எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெற்கே தூசி கிளம்பியது. அந்தத் தூசிக்குள்ளிருந்து முதலில் வந்தது என் மனிதர். தலை குனிந்திருந்தது, முதுகு வளைந்திருந்தது, பனியன் முழுக்கச் செம்மண். பெருமாள் நூறு கஜம் பின்னால். இத்தனை வருஷமாகியும் அந்தக் காட்சியைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிர்ந்துவிடும். நிமிரட்டும்.

கொஞ்ச நேரத்தில் குமாஸ்தா கூடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார்கள்.

"முத்திரை எங்கன மைதீனு?"

"இங்கனதான குத்துனீக," என்று கையை நீட்டியவர், அப்போதுதான் தானும் பார்த்தார். வேர்வையும் தூசியும்தான் இருந்தன.

குமாஸ்தா சொன்னார்: "செம்மண் பூசுன மொகத்துல எவன் எவன்னு நான் பாக்கல, நீட்டுன கையிலதான் குத்துனேன். நான் குத்துன மை ரெண்டு நாளைக்கு அழியாது. கையில இல்லைன்னா குத்தலைன்னுதான் அர்த்தம்."

கூட்டத்தில் ஒருவன், "கம்பத்துல மாமியா வீட்ல உக்காந்து காப்பி குடிச்சுட்டு, பெருமாளு திரும்பி வரவும் அப்படியே சேந்து வந்திருப்பான்ல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கம்பம் என் பிறந்த வீடு. அது என்மேல் விழுந்த அடி.

தலைவர் பெருமாளைக் கேட்டார். பெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் முன்ன பாத்து ஓட்டுறவன். பக்கத்துல எவன் வந்தான், எவன் வரலைன்னு எனக்கென்ன தெரியும்," என்றார்.

தலைவர் கெட்டவர் இல்லை. ஒரு வழி சொன்னார். "மைதீனு, நீ அஞ்சு வேளையும் தொழுகுறவன். ஒங்க குரானத் தொட்டு ஒரு சத்தியம் பண்ணிரு. கோப்பைய இப்பவே கையில தாரேன்."

என் கணவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "நான் கூடலூர் போனேன் மொதலாளி. அதான் என் சொல்லு. சைக்கிள் பந்தயத்துக்கெல்லாம் அந்த வேதத்தத் தூக்க மாட்டேன்," என்றார்.

"அப்பப் பயப்படுற," என்றார் தலைவர்.

"ஆமா, பயப்படுறேன். ஒங்களுக்கு இல்ல."

அதற்கப்புறம்தான் பொய்யன் என்ற சொல் வந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு வரை தவணை, அதற்குள் நிரூபிக்காவிட்டால் ஏமாற்றுக்காரன் என்று எழுதிப் பெயரை அடித்துவிடுவோம், இனி எந்தப் பந்தயத்திலும் சேர்க்க மாட்டோம் என்றார்கள். கோப்பை பெருமாளோடு கூடலூர் போய்விட்டது.

வீட்டுக்குள் வந்தவரிடம் நான் சண்டை போட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

"ஒரு வார்த்தை மச்சான். பொய்யா சொல்லச் சொல்றேன்? நடந்ததத்தான சொல்லப் போறீக."

"இன்னைக்குச் சைக்கிளுக்குத் தூக்குவேன் மைமூனு. நாளைக்கு வெத்தலைக் கட்டுக்குத் தூக்குவேன். அதுக்கா அந்த வேதம் எறங்குச்சு?"

எனக்கு அது விளங்கவில்லை. நான் எதற்கெடுத்தாலும் 'அல்லா மேல ஆணையா' என்று சொல்லியே வளர்ந்தவள். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்றால்கூட ஆணையிட்டுத்தான் சொல்வேன். பள்ளிவாசலில் தொழ வைக்கும் அஸரத்தும் அவரைக் கூப்பிட்டு, உண்மைக்குச் சத்தியம் செய்வது பாவமில்லை தம்பி என்று சொல்லிப் பார்த்தார். "பாவமில்லைன்னு தெரியும் அஸரத்து, மனசு வரல," என்று வந்துவிட்டார்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லி முடியாது. வெற்றிலை கொண்டுபோன கடையில், "கட்டு முழுசா வந்துச்சா, பாதி வழியிலயே திரும்பிருச்சா மைதீனு?" என்று கேட்டார்களாம். திங்கட்கிழமையிலிருந்து சைக்கிளைத் தொடவில்லை. தலைச்சுமையாக நடந்தே போனார். சோற்றைப் பிசைவார், அப்படியே கையைக் கழுவிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டில் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி இட்டார்கள். எனக்கும் இட்டுக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போயி சீயக்காப் போட்டுக் கழுவிட்டு வா ஆத்தா. எண்ணெய்க் கையில மருதாணி எப்படிப் பிடிக்கும்," என்றார்.

எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எண்ணெய்க் கையில் மருதாணி பிடிக்காது என்றால் மை மட்டும் பிடிக்குமா? முத்திரையை அழித்தது வேர்வை இல்லை. நான். ஆசையாசையாகத் தேய்த்த என் கை.

ஓடிவந்து அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். "நீதானா அந்தத் திருடி," என்றார். பிறகு, "இத வெளியில சொல்லாத. பொண்டாட்டிய விட்டுக் கதை கட்டுறான்பாக," என்றார். அதுவும் சரிதான். எண்ணெய் தேய்த்ததால் முத்திரை அழியலாம் என்றுதான் நான் சொல்ல முடியும். முத்திரை குத்தினார்கள் என்று சொல்ல, பார்த்தவர் வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு முசல்லாப் பாயை விட்டு எழாமல் அழுதேன். "ரப்பே, உன் வேதத்தின் மரியாதையை இவர் காப்பாற்றினார். இவர் மரியாதையை உன் கையில் விட்டேன். எனக்குக் கோப்பை வேண்டாம். பார்த்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் வாயை நீ திறந்துவிடு." இவ்வளவுதான் என் துஆ. வியாழக்கிழமை அதே வேண்டுதலை நிய்யத்தாக வைத்து நோன்பு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எதுவும் நடக்கவில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்தவர், சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். நான் போய்ச் சைக்கிளின் தூசியைத் துடைத்து வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம். கூடலூர்ப் பெருமாள். ஹேண்டில்பாரில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. என் கணவர், "வா மாப்ள, உள்ள வா," என்றார். நான் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். பெருமாள் உட்காரவில்லை.

"ஏலே, நீ ஏன்லே சத்தியம் பண்ணல?"

"அதக் கேக்கவா பன்னெண்டு மைல் மிதிச்சு வந்த?"

"ஆமா. நீ சத்தியம் பண்ணுவ, கோப்பை ஒனக்குப் போயிரும், நான் வாயத் தொறக்காமயே எல்லாம் முடிஞ்சிரும்னு பாத்தேன். நீ பண்ணல. இந்தா, மூட்டையில இருக்கு பாரு. இத்தன நாளு எங்க வீட்டு மாடத்துல இருந்துச்சு. எங்காத்தா அதுக்கு விளக்கேத்திக் கும்பிட்டுச்சு."

"கும்பிட்டாக் கும்பிடட்டும்."

"கேலி பேசாதலே. ஒன்னையக் கேட்ட மாதிரி என்னையக் கேட்டிருந்தா, பாக்கலைன்னு கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிருப்பேன். அதுக்கும் துணிஞ்சுதான் நின்னேன். நீ நெசத்துக்கே வேதத்தத் தொட மாட்டேன்ட்ட. முந்தாநாள் வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறப்ப இது மண்டைக்குள்ள ஏறுச்சு. எறங்கவே மாட்டேங்குது."

முந்தாநாள் என்றால் வியாழக்கிழமை. நான் நோன்பிருந்த நாள். திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் தானாக வழிந்தது. என் உதடு ரப்புக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஞாயிறு, அதே ரோட்டில் கூட்டம் கூடியது. பெருமாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "கூடலூர்ல ரெண்டு பேரும் சேந்துதான் கையை நீட்டுனோம். மொதல்ல மைதீனு கைக்குத்தான் குத்துனாக. நான் பாத்தேன்."

"அன்னைக்கு ஏம்ப்பா சொல்லல?" என்றார் தலைவர்.

"கோப்பை பளபளன்னு இருந்துச்சு மொதலாளி."

குமாஸ்தா விடவில்லை. "அப்ப என் மை பொய்யா?"

"ஒங்க மை நெசந்தான். மைதீனு கைதான் வழுக்குச்சு. ஒங்க பிடியில இருந்து நழுவி, ரெண்டாந்தரம் பிடிச்சுக் குத்தலியா?"

அவர் யோசித்தார். அதற்குள் என் மாமியார், நான் ஊற்றிவைத்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்துவிட்டார். கிண்ணத்தைக் குமாஸ்தா முன்னால் வைத்து, "கையில தேச்சு, நீயே குத்திப் பாரு அப்பா. எம் மருமக தேச்ச எண்ணெய்தான்," என்றார்.

அவரும் தேய்த்தார். குத்தினார். தலைவர் தன் துண்டை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கை வெறும் கையாக இருந்தது. முதலில் சிரித்தது குமாஸ்தாதான். பிறகு என் கணவர் தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்க மைதீனு," என்றார். தலைவர், "ஓம் பேச்ச நம்பாதது எங்க தப்பு," என்று சொல்லிக் கோப்பையைக் கொடுத்தார். அதே ஐம்பது பேர் பார்த்தார்கள். நான் அன்று ஜன்னல் கதவை நன்றாகவே திறந்து வைத்திருந்தேன்.

என் கணவர் கோப்பையை வாங்கிக்கொண்டு பெருமாளிடம், "அடுத்த ஆடியில முடிஞ்சா வந்து புடுங்கிக்க," என்றார்.

"எண்ணெய் தேக்காம வா, பாப்போம்."

அடுத்த வருஷம் பெருமாள் ஜெயித்தார். அதற்கடுத்து இவர். முத்திரைக்குப் பதிலாக மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு யுத்தத்தில் டயர், டியூப் கிடைக்காமல் பந்தயமே நின்றுபோனது. ஆனால் கம்பத்திலும் சின்னமனூரிலும் கடைக்காரர்கள், "மைதீன் சொல்லிட்டாரா, அப்பச் சரி," என்று அவர் கண் மூடி மவுத்தாகும் வரை சொன்னார்கள். யாரும் அவரிடம் மறுபடி சத்தியம் கேட்கவில்லை. இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன பெருமை வேண்டும்?

என்னை ரப்பு வேறு விதமாக மாற்றினான். அன்றோடு ஆணையிடுவதை விட்டேன். சுலபமாக வரவில்லை. வாய் தானாக ஓடும், பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வேன். பிறகு பழகிவிட்டது. ஆணையில்லாமல் பேச வேண்டும் என்றால் பொய்யே பேச முடியாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

சகோதரிகளே, உங்கள் பேச்சையும் ஒருநாள் நம்பாமல் போவார்கள். வீட்டிலேயே நம்பாமல் போவார்கள். அப்போது பதறி வேதத்தின் பக்கம் கையை நீட்டாதீர்கள். உண்மையைச் சொன்னோம் என்று ரப்பிடம் ஒப்படைத்துவிட்டு இருங்கள். யார் மனதில் எந்த நாளில் எதை இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். இதற்கு மேல் ஆணையிட்டுச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.