பதினொரு ஊசியும் தமயந்தியின் முடிச்சுகளும்

தமயந்தியோடு பஸ்ஸில் போனால் மானம் போய்விடும். முன் சீட்டில் இருக்கிற ஆளின் காலரையே பார்த்துக்கொண்டு வருவாள். பிறகு தோளைத் தட்டி, "அண்ணா, உங்க காலர் இடது பக்கம் ஏறியிருக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பாள். பெங்களூர் பீன்யாவில் எங்கள் சட்டை ஃபேக்டரியில் ஒன்பது வருஷமாகக் காலர் தைத்தவள், கண் வேறு எங்கே போகும்? ஆள் குட்டை. பெடல் எட்டாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் தைப்பாள். நான் சொல்லச் சொல்ல நீ இதையும் எழுது, அவள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் அதே லைனின் கடைசியில் நின்று பிசிறு நூல் வெட்டினேன். எனக்கு ரிடையராக ஆறு மாசம் இருந்தபோது அவள் மெஷினில் ஊசி உடைய ஆரம்பித்தது.

உடைந்தால் வேறு ஊசி போட்டுக்கொள்வதுதானே என்பாய். எங்கள் இடத்தில் அது நடக்காது. உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். சட்டைக்குள் ஒரு துண்டு தங்கி வாங்கினவர் கழுத்தில் குத்திவிடக் கூடாதே. நியாயம்தான். ஆனால் எள்ளளவு துண்டுக்காகத் தமயந்தி மெஷின் அடியில் தவழுவாள். அவள் காலர் வராமல் அடுத்த ஐந்து பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

மெஷினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சிரில் சொன்னான். மேனேஜர் பத்ரிநாத் ஒப்பவில்லை.

"ஒரு ஊசி ஒரு டீ விலைகூட இல்ல. அதுக்கு மெஷினைப் பிரிக்கணுமா? கைதான் சரியில்ல. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன், அப்புறம் இந்தம்மா நூல் வெட்டப் போகட்டும்."

நூல் வெட்டுவது கேவலமில்லை, நான் வெட்டினேன். ஆனால் காலர் தைக்கிற கையை நூல் வெட்ட அனுப்பினால் அது தண்டனை.

தமயந்தி அன்று அழவில்லை. அந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு துண்டு நூல் கொடுத்தாள். "ஒரு சட்டையில உங்க பங்கைத் தைக்கிற நேரம் கை சும்மா இருந்தா ஒரு முடிச்சு போடுங்கடி." அந்த ஒரு நிமிஷம் எங்கள் கைக்கே தெரியும், கடிகாரம் வேண்டாம். தினமும் அன்றைய சட்டைக்கு வந்த நூலையே கொடுத்தாள். திங்கள் நீலம், செவ்வாய் பச்சை, புதன் வெள்ளை.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நூலையெல்லாம் நிறம் பிரித்து எண்ணிப் பார்த்தோம். வாரத்தில் உடைந்த ஊசி பதினொன்று. வெள்ளையை விட்டால் முடிச்சு இருநூற்று நாற்பது. வெள்ளையில் மட்டும் நூற்றைம்பது! புதன்கிழமையோ ஒரு ஊசிகூட உடையவில்லை. அன்று பத்ரிநாத் லைனை நிறுத்தி, மைக் பிடித்து அரைமணி நேரம் பேசினார். இவளுகள் நின்றபடியே முந்தானைக்குள் முடிச்சுப் போட்டிருக்கிறாளுகள்.

"அந்த வெள்ளையைக் குப்பையில போடுடி, மனுஷன் கொதிச்சிடுவான்" என்றேன்.

"ஒண்ணை ஒளிச்சா மத்ததையும் நம்ப மாட்டாரு, பெரியம்மா" என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். ஒளித்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

நானும் சிரிலும் அவள் பின்னாலேயே போனோம். பத்ரிநாத் மேஜையில் நூலைப் பரப்பி, எது என்ன என்று சொன்னாள். அவர் கை நேரே வெள்ளைக்குத்தான் போனது.

"இதுல ஏன் இவ்வளவு? அன்னைக்கு எத்தனை ஊசி?"

"ஒண்ணும் உடையல சார். அன்னைக்கு நீங்க பேசினீங்க."

"என்ன பேசினேன்?"

"நேரத்தை வீணாக்கக் கூடாதுன்னு, சார்."

சிரில் இருமுகிற மாதிரி வெளியே ஓடினான். பத்ரிநாத் முகம் சிவந்தது. போச்சு, நாளைக்கே இவளுக்கு ஒரு கத்தரிக்கோல் வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் வெள்ளை நூலை விரலில் சுற்றிக்கொண்டு முடிச்சுகளைத் தடவினார். பிறகு நீலம், பிறகு பச்சை. கடைசியில், "டேய் சிரில், இருமினது போதும். மெஷினைப் பிரி" என்றார்.

பிரித்தான். ஊசி இறங்கும்போது அடியில் நூலைப் பிடிக்கிற கொக்கி தேய்ந்து பள்ளமாகியிருந்தது. எந்த ஊசி போட்டாலும் அதில்தான் போய் இடிக்கும். ஒரு மணி நேரத்தில் புதுக் கொக்கி மாட்டினான். "கை சரியில்லன்னு சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா" என்றார் பத்ரிநாத். தமயந்தி, "வெச்சுக்குவேன் சார்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலி நுனியில் ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் ஒரு ஊசிகூட உடையவில்லை. காலர் மலையாகக் குவிந்தது. அந்த ஐந்து பேரும் வேர்க்க விறுவிறுக்கத் தைத்தார்கள். பக்கத்து மெஷின்காரி கத்தினாள்: "ஏண்டி குட்டச்சி, உன் ஊசி உடையறப்போதான் ஒரு வாய் தண்ணி குடிப்போம். அதுலயும் மண்ணைப் போட்டுட்டியே!"

தமயந்தி தலை தூக்கவே இல்லை. அடுத்த காலரைக் கத்தினவள் மடியிலேயே வீசினாள்.