அன்னபாக்கியம் அம்மாளும் அமெரிக்க மதுவிலக்கும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பூந்தமல்லி தர்மாஸ்பத்திரியில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். அன்னபாக்கியம் அம்மாளின் தம்பி பாக்கியநாதன் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாங்க ஐயா."

எனக்கு அழுகைக்கு முன்னால் பெருமூச்சுதான் வந்தது. வயிற்றில் கட்டியோடு அம்மாள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் என்னைத் தவறாக நினைக்கமாட்டார்கள். பாக்கியநாதனின் முகத்திலும் அதே ஆறுதல்தான் இருந்தது. "வலி தெரியாம போனாங்களே, அது போதும்" என்றார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மாள் எங்கள் ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி. நான் கம்பவுண்டர். சுற்று வட்டாரத்தில் அவர் கையில் பிறக்காத பிள்ளைகள் குறைவு. கள் வாடையோடு வரும் தகப்பனிடம் மட்டும் குழந்தையைத் தரமாட்டார். "போய்க் குளிச்சிட்டு வா நைனா. உம் புள்ள எங்கயும் ஓடிடாது" என்பார்.

எங்களோடு வேலை செய்த அமெரிக்க டாக்டரம்மா ஒருவர் ஊர் திரும்பும்போது, திரையில் படம் காட்டும் தம்முடைய படவிளக்கையும் அதற்கான கண்ணாடிப் படங்களையும் அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது அமெரிக்காவில் அரசியல் சட்டத்தையே திருத்தி, தேசம் முழுவதும் மதுவை விலக்கியிருந்தார்கள். அதிகாரிகள் கோடரியால் பீப்பாய்களைப் பிளப்பதும் சாராயம் தெருவில் ஓடுவதுமாக ஒரு படம் இருந்தது. அம்மாளுக்கு அந்தப் படத்தின் மேல் உயிர். மேனாம்பேட்டிலும் நெமிலிச்சேரியிலும் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, நான் விளக்கைக் கொளுத்துவேன். குடியை விடச் சொல்லி அவர் பேசுவார்.

"பாருங்க, எவ்வளவு பெரிய தேசம்! அதுவே சட்டம் போட்டு நிறுத்திட்டுது. நம்மால முடியாதா?"

"அய்யய்யோ, அவ்ளோ சரக்கும் சாக்கடைக்கா போவுது!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாளும் சிரிப்பார்.

பிறகு ஒருநாள், அமெரிக்கா அந்தச் சட்டத்தைத் தானே ரத்து செய்துவிட்டது என்று பத்திரிகையில் வந்தது. நெமிலிச்சேரிக் கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் அதைத் தமுக்கடித்துச் சொல்ல வைத்தார். அந்த வாரம் அதே ஊரில்தான் எங்கள் கூட்டம். வேண்டாம், தள்ளிப்போடலாம் என்று நான் கெஞ்சினேன். அம்மாள் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"படத்தக் காட்டின நானே இதையும் சொல்லணும் கம்பவுண்டர். கடைக்காரர் வாயால மட்டும் கேட்டாங்கன்னா, நான் பொய்க்காரி ஆயிடுவேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் என்றுமில்லாத கூட்டம். குத்தகைக்காரர் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மாள் முதலில் பீப்பாய்ப் படத்தையே காட்டச் சொன்னார். பிறகு, "இந்தச் சட்டத்த அமெரிக்காக்காரங்களே எடுத்துட்டாங்க" என்றார். சீட்டி பறந்தது. அவர் நிறுத்தவில்லை. திருட்டுச் சாராயம் குடித்துச் சிலர் கண்ணிழந்தது, கடத்தல்காரர்கள் போலீசுக்கே லஞ்சம் கொடுத்தது, ஜனங்கள் அலுத்துப்போனது எல்லாவற்றையும் சொன்னார்.

வண்டிக்கார ஏகாம்பரம் எழுந்தார். "அப்பால இன்னாத்துக்கும்மா எங்கள வேணாங்கிற? அம்மாம் பெரிய தேசத்தாலயே முடியல. நான் எம்மாத்திரம்?"

கல் விழப்போகிறது என்றே நினைத்தேன். விளக்கை அணைக்கக் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மாள் திரைக்கு முன்னால் வந்தார். உடைந்த பீப்பாய்கள் அவர் முகத்திலும் வெள்ளைப் புடவையிலும் விழுந்தன.

"படத்த எடுத்துடுங்க கம்பவுண்டர்."

எடுத்தேன். வெறும் வெளிச்சத்தில் நின்று பேசினார்.

"என் வீட்டுக்காரர் ஆவடியில ரயில்வே வேலை பார்த்தாரு. நல்ல மனுஷன். கள்ளுக்கடையிலேர்ந்து தண்டவாளத்து மேலயே நடந்து வந்தாரு. ரயில் வர்றது தெரியல. வேட்டியில கள் வாடை போகவே இல்ல. அதத் துவைச்சுக் காயவச்சுத்தான் அவரு மேல போர்த்தினேன்."

பல வருஷம் உடன் வேலை செய்த எனக்கே அது தெரியாது. அவர் கணவர் காய்ச்சலில் இறந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் சீட்டியடிக்கவில்லை. குத்தகைக்காரர்கூட நாற்காலியை விட்டு எழுந்து தலைகுனிந்து நின்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஏகாம்பரத்தின் மனைவி முனியம்மா குரல் கொடுத்தார். "அமெரிக்காக்காரன் ஊட்டுக் கத எப்டியோ போவட்டும். எங்கூட்டுக்கு இன்னிலேர்ந்து நான் போடறதுதான் சட்டம்!"

"அடியே, என்னக் கேக்காமயே சட்டமா?" என்றார் ஏகாம்பரம். கூட்டம் முழுவதும் சிரித்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து, "அப்பாடா" என்றார் அம்மாள். "இத்தன வருஷமா அமெரிக்காவ முன்னால நிறுத்திட்டு, நான் அது பின்னால ஒளிஞ்சிருந்தேன் கம்பவுண்டர். இனிமே அந்தச் சட்டம் இருந்தா என்ன, போனா என்ன!"

ஏகாம்பரம் மறுநாளே திருந்திவிட்டதாக எழுதினால் அம்மாளே என்னைக் கடிந்துகொள்வார். ஏகாம்பரம் பலமுறை வழுக்கி மறுபடி குடித்தார். ஒவ்வொரு முறையும் தாமாகவே வந்து அம்மாளிடம் சொன்னார். ஒரு கட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. கடை என்னவோ மூடவில்லை.

பின்னாளில் சேலத்தில் மதுவிலக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் மிட்டாய் கொடுத்தோம். அம்மாள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "சட்டம் நல்லதுதான். ஆனா போலீச அனுப்பிட்டு நாம வீட்டுல தூங்கிடக் கூடாது" என்றார்.

புதன்கிழமை மாலை அவரை அடக்கம் செய்தோம். மண் போட்டு மூடியபின் தூறல் விழுந்தது. ஒருவரும் கிளம்பவில்லை. மேனாம்பேட்டுப் பெண் ஒருத்தி, பிரசவ வலியில் தான் அம்மாளின் கையைக் கடித்துவிட்டதையும், "நானும் திருப்பிக் கடிக்கட்டுமா?" என்று அம்மாள் கேட்டதையும் சொல்லி, வாய்விட்டுச் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிம்மா, பரவால்ல" என்றார் பாக்கியநாதன். நனைந்துகொண்டே எல்லோரும் சிரித்தோம்.

அம்மா, வலி தீர்ந்தது. இனி எந்த வீட்டு வண்டியும் வந்து உங்களை அவசரமாக எழுப்பாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.